ஐந்து நூலுக்கு இறங்கிய தட்டு

மழையே பார்க்காத பொட்டல் காட்டில், உடைமர வேர் ஒன்று தண்ணீர் தேடி இறங்கியது. இரண்டு முழ ஆழத்தில் கெட்டியான மண்தட்டு ஒன்று குறுக்கே படுத்திருந்தது.

“அண்ணாச்சி, கொஞ்சம் வழி விடுங்க. இந்த வாரத்துக்குள்ள ஈரம் எட்டலைன்னா மேல மரம் பட்டுப்போகும்.”

“கேட்கவே மனசு கரையுதப்பா,” என்றது தட்டு.

வேர் தன்னிடம் மிஞ்சிய ஈரத்தால் அதை ஊறவைத்தது. இளகவில்லை. சரி, தண்ணீரில் இளகும் களிமண் இல்லை. அடுத்து தன் புளிப்புச் சாற்றைச் சொட்டியது. தட்டு வெள்ளையாக நுரைத்துப் பொங்கியது.

“பாத்தியா, உருகியே போயிட்டேன்.”

வேர் முட்டிப் பார்த்தது. மேற்பூச்சுச் சுண்ணாம்பு மட்டும்தான் போயிருந்தது. அடியில் கண்ணாடி மாதிரி இறுக்கம்.

“யோவ், தண்ணிக்கும் மசியல, புளிப்புக்கும் மசியல. நீ மணல்ல இருக்கிற சிலிக்கா புடிச்சு கல்லா இறுகின ஜாதி. சுண்ணாம்பைப் பூசிக்கிட்டு என் மூணு நாளைத் தின்னுட்டியே.”

வேர் பக்கவாட்டில் திரும்பி, விரிசலைத் தேடி நகர்ந்தது.

“அட, கோவிச்சுக்காதே. ஒரு நூல் இடம் தரேன். சரி, ரெண்டு நூல்.”

வேர் நாலு முழம் தள்ளி, தட்டு வெடித்திருந்த இடத்தில் நுழைந்து கீழே இறங்கியது. அதன் நுனியில் ஈரம் பட்டபோது, தட்டு பேரத்தில் ஐந்து நூலுக்கு வந்திருந்தது.