நாற்பத்தொரு தோல்வி

"நாப்பத்தொரு தடவை. ஒரே காவலன்கிட்ட நாப்பத்தொரு தடவை தோத்திருக்கீங்க மேடம். இந்த ஆபீஸ்ல வேற யாரும் ஒரு தடவைகூடத் தோக்கல."

டீம் லீடர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். எதிரே நின்ற டெஸ்டர் அக்கா அதைப் பார்க்கவே இல்லை. தோற்றவருக்குத் தெரியாதா, எத்தனை தடவை என்று?

வீடியோ கேம் தயாரிக்கும் சின்ன கம்பெனி அது. நாம் ஓர் அடி அடித்துவிட்டுக் காத்திருந்தால், அடுத்து எதிரி ஓர் அடி அடிப்பான். அப்படிச் சுற்றுச் சுற்றாகப் போகும் சண்டை. நாளைக்கு வெளியீடு. ஆடிப் பார்த்துச் சோதித்த ஆறு பேரில் ஐந்து பேர் 'சரி' என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆறாவது கையெழுத்துதான் பாக்கி.

அக்கா போட மறுத்தார். அவருடைய புகார் ஒரே வரி. ஆட்டத்தின் மூன்றாவது ஊரில், அடிபட்டு இழந்த உயிரை ஏற்றும் மருந்தின் விலையைப் பன்னிரண்டு காசிலிருந்து எட்டாகக் குறைக்க வேண்டும்.

"கஷ்டமா இருந்தாத்தான் அது ஆட்டம்" என்றார் லீடர்.

"கஷ்டமா இருக்கட்டும் சார். எண்பது காசோட அந்த ஊருக்கு வர்றோம். பையில மூணு மருந்துதான் பிடிக்கும். முப்பத்தாறு காசு போச்சு. காவலன்கிட்ட தோத்தா மருந்தும் காலி, மிச்சக் காசுல பாதியும் காலி. கையில இருபத்திரண்டு. அதுக்கு ஒரே ஒரு மருந்துதான் வரும். மூணை வெச்சுக்கிட்டே தோத்தவன், ஒண்ணை வெச்சுக்கிட்டு எப்படி ஜெயிப்பான்? விலை எட்டுன்னா மறுபடியும் மூணு வாங்கிக்குவான்."

"தோக்காம ஆடச் சொல்லுங்க."

"நீங்க தோத்துப் பார்த்திருக்கீங்களா சார்?"

லீடருக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேண்டுமென்றே ஒரு தடவை தோற்றார். மிஞ்சிய காசில் ஒரு மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பப் போனார். ஒவ்வொரு மூன்றாவது சுற்றிலும் காவலன் கேடயத்தைத் தூக்குவான். அப்போது அடித்தால் அடி நமக்கே திரும்பும். அந்தச் சுற்றிலெல்லாம் லீடர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். பத்து நிமிடத்தில் காவலன் மண்ணைக் கவ்வினான்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மூணாவது சுற்றுல கேடயம் தூக்குவான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? எழுதினதே நான். மத்த அஞ்சு பேருக்கும் நான்தான் சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் இறங்கி வர மனமில்லை. சுவரில் இருந்த சாதனைப் பலகையைக் காட்டினார்.

பலகையில் முதல் பெயர் 'எறும்பு'. மிகக் கடினமான நிலையில், ஒரு மருந்துகூட வாங்காமல், எல்லாரையும்விடக் குறைந்த சுற்றுகளில் அதே காவலனைச் சாய்த்த யாரோ ஒருவரின் பட்டப்பெயர். ஆபீஸில் இருக்கும் யாரோதான். பயனர் பட்டியலைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் எறும்பை முந்திய பிறகுதான் திறப்பேன் என்று லீடர் சபதம் போட்டிருந்தார். மூன்று மாதமாக முட்டி மோதுகிறார். இன்னும் இரண்டாவது இடம்தான்.

"அது ஆட்டம். அந்த ஆளும் இதே ஆபீஸ்லதான் உட்கார்ந்திருக்கான். உங்களுக்கு ஆட வரலைன்னா விலையைக் குறை சொல்லாதீங்க. கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

அக்கா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"போட மாட்டேன் சார். இதைக் காசு குடுத்து வாங்கி ஆடப்போறவங்ககிட்ட கேடயத்தைப் பத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

தண்ணீர் பாட்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

போகட்டும் என்று லீடர் அவருடைய கணக்கை மூடப் பயனர் பட்டியலைத் திறந்தார். சபதம் நினைவுக்கு வருவதற்குள் பட்டியல் விரிந்துவிட்டது.

அக்கா பெயருக்கு நேரே இரண்டு கணக்குகள். ஒன்று சோதனைக்கானது. அதில் நாற்பத்தொரு தோல்வி.

மற்றொன்றின் பட்டப்பெயர், எறும்பு.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் லீடர் ஓடினார். லிஃப்ட் கதவு திறக்கும் நேரம் பிடித்துவிட்டார். மேடம் என்று கூப்பிட வாய் வரவில்லை.

"அக்கா, இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'உங்களால முடியுதுல்ல, அப்புறம் என்ன?'ன்னு அப்பவே என் புகாரைக் கிழிச்சுப் போட்டிருப்பீங்க சார்."