பெடலுக்குள் ஒரு கீறல்

"மறுபடியும் கீறலா?" லியாவ் யூச்சின் தன் தொழிற்சாலையில் செய்த சைக்கிள் பெடலை மேசைமேல் வீசினாள்.

ஒசாகாவிலிருந்து சரக்கு பார்த்து வாங்க வந்திருந்த மோரிவாக்கி பதறாமல் அதை எடுத்து, பூதக்கண்ணாடி வழியே உட்புறத்தைக் காட்டினார். "இதோ, மயிரிழை அளவுக்கு இருக்கு."

"கால் வைக்கிற இடமா அது? எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? எங்க தைவான்ல டீ ஆறறதுக்குள்ள வியாபாரத்தைப் பேசி முடிச்சிடுவோம். ஜப்பான்காரங்க நீங்க, வருஷம் பூரா வந்து வந்து குத்தம்தான் சொல்றீங்க! பக்கத்துத் தொழிற்சாலை ஜியான் அண்ணன்கிட்ட மட்டும் 'ரொம்பப் பிரமாதம்'னீங்களாமே? என் சரக்குன்னா இளக்காரமா? இஷ்டமிருந்தா வாங்குங்க, இல்லேன்னா கிளம்புங்க!"

மோரிவாக்கி பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். எழுந்து, இடுப்பு வளைய வணங்கினார்.

"உங்க பெடல் ரொம்பப் பிரமாதம், முதலாளியம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கோபம் தணியாமலே யூச்சின் நேராக ஜியானிடம் போனாள்.

"அண்ணே, இவங்களையெல்லாம் அதட்டினாத்தான் வழிக்கு வராங்க. வெளுத்து வாங்கிட்டேன். இப்போ என் பெடலும் பிரமாதமாம்!"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜியானின் கை நின்றது.

"பிரமாதம்னா சொன்னார்? அடிப்பாவி! குத்தம் சொல்லிட்டிருந்த வரைக்கும் உன்கிட்ட வாங்கற எண்ணத்துல இருந்திருக்கார். கெடுத்துட்டியே! எனக்கு அந்தக் குடுப்பினைகூட இல்லை. வந்த அன்னிக்கே பிரமாதம்னு சொல்லிட்டுப் போன மனுஷன், அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கலை!"