வயலெல்லாம் கம்பி

"இந்த வருஷம் அறுப்புக்கு ஆள் வேண்டாம் நீலாம்பா. மிஷின் வந்தாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

எந்தம்பி ஆசீர்வாதம் வரப்புல நின்னுக்கிட்டு இப்படிச் சொன்னப்போ, கூடப்பொறந்த எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு.

ரோட்டோரமா அருவாளோட பொம்பளைங்க நிக்கிறாங்க. முன்னால நீலாம்பா. எங்க வயலுக்கு நடவு, களை எல்லாத்துக்கும் ஆள் சேத்துக்கிட்டு வர்றவ அவதான்.

"நடறதுக்கு நாங்க, அறுக்க மட்டும் மிஷினாங்கய்யா? ஆம்பளைங்க திருப்பூர் போயிட்டாங்க. இந்தக் கூலி நெல்லு வந்தாத்தானே வீட்ல ஒலை கொதிக்கும்?"

"கூட்டத்துல பேசி முடிச்சது. நான் மட்டும் மீற முடியுமா? இவரையே கேளு."

பக்கத்து வயல் துரைராசு மீசையத் தடவிக்கிட்டாரு. கூட்டம் போட்டதே அவருதான். மிஷின் விட்டா எல்லாரும் விடணும், எவனாவது ஆள் வெச்சு அறுத்தா அவன் வயலுக்கு வழி விடமாட்டேன்னுட்டாரு. அவரு வயலத் தாண்டித்தான் எங்க வயலுக்கே போகணும். அந்த வழி விஷயமா எங்கப்பா காலத்துல குடவாசல் கோர்ட்டுக்கு நடந்த நடைய எழுதினா இந்தப் பக்கம் பத்தாது.

மிஷின் டிரைவர் கீழ எறங்கி வந்தான்.

"ஐயா, பக்கத்து ஊர்ல எவனோ நெல்லுக்குள்ள இரும்புக் கம்பிய நட்டு வெச்சு மிஷின் கத்தி ஒடைஞ்சு போச்சு. இங்க அந்த மாதிரி வேலை ஏதும் இல்லேல்ல?"

எல்லார் கண்ணும் நீலாம்பா மேல போச்சு.

"எம்புள்ள மேல சத்தியமா நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க!"

"சத்தியமெல்லாம் கத்திக்குத் தெரியுமா?"ன்னான் எந்தம்பி. "கிளாட்சா, ஒன் கருவிய எடுத்துக்கிட்டு வாடா!"

கிளாட்சன் அவன் மகன். சிங்கப்பூர்ல கப்பல் கட்டற எடத்துல வேலை. தங்கச்சி அனிட்டா கல்யாணத்துக்கு லீவுல வந்தவன், மண்ணுக்குள்ள இரும்பு கெடந்தா கத்தற கருவி ஒண்ணு வாங்கியாந்திருந்தான். புதையல் எடுக்கிறேன்னு எங்களையெல்லாம் வேன்ல ஏத்தி பூம்புகாருக்குக் கூட்டிக்கிட்டுப் போனான் பாருங்க! வெயில்ல பொழுதுக்கும் தோண்டி, கெடைச்சது சோடா மூடியும் ஒரு டிபன் பாக்ஸ் மூடியும். சம்பந்தி வீட்டம்மா என்னத் தனியாக் கூப்புட்டு, "தம்பிக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?"ன்னு கேட்டாங்க. சரி, அத விடுங்க.

கருவியோட நுனியில தாம்பாளம் மாதிரி ஒரு வட்டு இருந்துச்சு. இரும்ப மோப்பம் புடிக்கிற அதுக்கு 'காயில்'னு பேராம். அதக் கழட்டிட்டு டபரா அளவுக்கு ஒரு சின்னக் காயில மாட்டினான்.

"பெருசு கதிர்ல இடிக்கும் அத்தை"ன்னுட்டு நெல்லுக்குள்ள எறங்கினான். இடுப்புக்குக் கீழ ஆளே தெரியல.

கீய்ங்!

"இங்க ஒண்ணுப்பா!"

நாலு எட்டு தள்ளி மறுபடியும் கீய்ங்.

"இங்கயும்!"

நடு வயல்ல கீய்ங். மூலையில கீய்ங். வரப்போரம் வந்தவன் துரைராசுவப் பாத்து, "மாமா, உங்க வயல்லயும் ஒரு தரம் பாத்துடவா?"ன்னு கேட்டான்.

அவ்வளவுதான். டிரைவர் ஏறி ஒக்காந்துட்டான்.

"பொறு தம்பி, புடுங்கிடலாம்"ன்னாரு துரைராசு.

"புடுங்கறதுல ஒண்ணு தப்பினாலும் எங்கத்தி போச்சுங்க. உங்க ஊர் சகவாசமே வேண்டாம்!"

மிஷின் வந்த வழியே போயிடுச்சு.

ஆசீர்வாதம் துண்ட ஒதறிக்கிட்டு ஆடின ஆட்டம் இருக்கே! "எந்தப் பாவி இப்படிப் பண்ணினான்? கதிர் முத்தி நெல்லு கொட்டுது, இனிமே நான் எவன்கிட்ட போயி நிப்பேன்?"

துரைராசுவுக்கே எரக்கம் வந்துடுச்சு. "என்ன பண்றது ஆசீர்வாதம். இவங்களையே எறக்கு. அப்படியே எனக்கும் ஆள் சொல்லிடு."

"நீங்க சொல்றீங்கன்னுதான்"ன்னுட்டு எந்தம்பி நீலாம்பா பக்கம் திரும்பினான். "எறங்குங்க. கம்பி கையக் கிழிச்சா எங்கிட்ட வராதீங்க!"

மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். கல்நெஞ்சுக்காரன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேன்.

மத்தியானம் டீ கொண்டுபோனேன். கிளாட்சன் கட்டு தூக்கி விட்டுக்கிட்டிருந்தான். நீலாம்பா மொகத்தத் தொடைச்சுக்கிட்டு வந்தா.

"அம்மா, பாதிக்கு மேல அறுத்தாச்சு. கம்பி என்ன, ஒரு ஆணிகூட அம்புடல. ஏன் தம்பி, உங்க கருவிக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா?"

கிளாட்சன் சுத்துமுத்தும் பாத்துட்டு ஒரு காலத் தூக்கிக் காமிச்சான். மொரட்டு ஷூ. காலையில கதிர் மறைச்சிருந்ததால யாரும் அதப் பாக்கல.

"கப்பல் கம்பெனி ஷூ அத்தை. வெரல் நசுங்காம இருக்க முனையில இரும்பு வெச்சிருப்பாங்க. பெரிய காயில்னா எட்டு வெக்கறப்பல்லாம் கத்திக் காட்டிக் குடுத்துடும். சின்னது, நானா கால்கிட்ட கொண்டுபோனாத்தான் கத்தும்."

பொம்பளைங்க அருவாளக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாங்க. நீலாம்பாவுக்கு மட்டும் சிரிப்பு பாதியிலயே நின்னுடுச்சு.

"ஐயாவுக்குத் தெரிஞ்சா உங்க தோலை உரிச்சிடுவாரே தம்பி!"

"யாரு, எங்கப்பாவா? காலையில கொல்லைப்பக்கம் என்னை ஷூவோட நடக்க விட்டு, 'பெருசு சரிப்படாதுடா, சின்னத மாட்டு'ன்னு சொல்லிக் குடுத்ததே அவருதானேக்கா!"