விரல் மட்டும்தான்

கம்பியில் அன்று எத்தனை எடைத் தட்டுகள் மாட்டியிருந்தார்கள் என்பது சரியாக நினைவில் இல்லை. கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சத்தம் கேட்டதே, அதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

ஜிம்மே பீரோ என்று கூப்பிடும் அவன், பெஞ்சில் மல்லாந்து படுத்து, கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமாட்டில் மச்சினன் நின்றான். மனைவியின் தம்பி, தையல்காரன். கம்பி பீரோவின் மேல் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வந்து நிற்பவன், அவ்வளவுதான்.

ஆணழகன் போட்டி இல்லாத மாதங்களுக்கு ஜிம் மாஸ்டர் வைத்திருந்த முறை எளிமையானது. கொஞ்சமாகச் செய், கனமாகத் தூக்கு. ஒரு பயிற்சிக்கு ஒரே ஒரு செட். அதை உயிர் போகிற மாதிரி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படு. உடம்பு வளர்வது ஜிம்மில் அல்ல, தூக்கத்தில்.

செட்டில் எப்படியோ, தூக்கத்தில் பீரோ ஒரு குறையும் வைக்கவில்லை.

ஓய்வு நாட்களில் காஸ் சிலிண்டரை மனைவிதான் உருட்டி வந்தாள். "உடம்பு தேறிட்டிருக்கு, தொந்தரவு பண்ணாதே" என்பான், கண்ணைத் திறக்காமலே. அவள் வேகவைத்து அடுக்கிய முட்டைகளில் பாதிக்கு மேல் இறங்காது. வீணாகக் கூடாதே என்று மச்சினன் முடித்துவைப்பான்.

மாதாமாதம் எடை ஏறியது. எவ்வளவு மாட்டினாலும் கம்பி மேலே போயிற்று.

"நீங்களேதான் மாமா! நான் விரல் மட்டும்தான் வச்சிருக்கேன்!" என்று மச்சினன் ஒவ்வொரு முறையும் கத்துவான். கத்திவிட்டு அவனுக்கு மூச்சு வாங்கும். என்ன பாசம் என்று பீரோ நெகிழ்ந்துபோவான்.

அன்றுதான் சோதனை.

யார் துணையும் இல்லாமல் இந்த எடையைத் தூக்கினால்தான் இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுப்பேன் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். போன வருடம் மேடைக்குக் கீழே நின்று கைதட்டியவன் பீரோ. இந்த முறையும் அப்படியென்றால், சிலிண்டர் உருட்டியவளின் முகத்தில் எப்படி விழிப்பது?

பெஞ்சின் இரு பக்கமும் மாஸ்டர் தாங்கு கம்பிகளைப் பொருத்தினார். பிறகு மச்சினனைப் பார்த்தார்.

"தம்பி, நீ கையைக் கட்டிக்கிட்டு அந்தச் சுவரோரமா நில்லு."

"விரல் மட்டுமாவது, மாஸ்டர்..."

"விரலும் வேணாம்."

கம்பி இறங்கியது. நெஞ்சைத் தொட்டது. அங்கேயே தங்கிவிட்டது.

தாங்கு கம்பிகள் இருந்ததால் பீரோ நசுங்கவில்லை. வெளியே வரவும் வழியில்லை.

விசிறியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. தன் கைகள் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அவனுக்குத் தோன்றின. அப்படியானால் இத்தனை மாதமாகத் தூக்கியது யார்? அந்தக் கேள்வி மெல்ல மெல்ல, கம்பியைவிடக் கனமாக, நெஞ்சில் இறங்கியது.

"மாமா!"

மச்சினன் பாய்ந்து வந்தான். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து, ஒரே இழுப்பில் தூக்கிக் கொக்கியில் வைத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்ரென்று, கழுத்திலிருந்து இடுப்புவரை, அவன் சட்டை முதுகில் கிழிந்தது.

உள்ளே தெரிந்த முதுகை மாஸ்டர் பார்த்தார். முன்னால் வந்து தோள்களைப் பார்த்தார். மறுபடியும் பின்னால் போனார்.

"யாருடா உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"யாருமில்ல மாஸ்டர். மாமா மேல கம்பி விழாம பாத்துக்கோன்னு அக்கா சொல்லிச்சு." கிழிசலை வெட்கத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டான். "இந்தச் சட்டையை மூணு தடவை பிரிச்சு விட்டுட்டேன். துணிதான் சுருங்குதுன்னு நெனச்சேன்."

பீரோ படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

"என் முட்டையெல்லாம் நீதானேடா தின்னே, மாப்ளே" என்றான்.

அந்த வருடப் போட்டிக்கு மச்சினன் பெயர்தான் போனது. மூன்றாம் பரிசு. மேடையில் போட்ட ஜட்டியை அவனே தைத்துக்கொண்டான். மாஸ்டர் தன் முறை பலித்ததாக எல்லோரிடமும் சொல்கிறார். யாருக்குப் பலித்தது என்று சொல்வதில்லை. அக்கா இப்போது சிலிண்டரைத் தொடுவதே இல்லை. புருஷன் தோளில் வருகிறது.

பெஞ்சில் இப்போது மச்சினன் படுக்கிறான். தலைமாட்டில் பீரோ நின்று, "நீயேதான் மாப்ளே! நான் விரல் மட்டும்தான்!" என்று கத்துகிறான்.

போன வாரம் பீரோவின் சட்டை தோளில் தையல் விட்டது. மச்சினனிடம் சொல்லாமல் வேறொரு தையல் கடையில் கொடுத்திருக்கிறான்.