செவலை பிடித்த வண்டி

மேம்பாலத்தடியில் வசித்த செவலை நாய்க்குக் காலையில் கை ஒழியாத வேலை. போகிற வண்டியையெல்லாம் துரத்தியாக வேண்டும். வண்டிகளும் மரியாதை தெரிந்தவை. குரைத்த மாத்திரத்தில் பறந்துவிடும். ஒன்றுகூட அதன் வாயில் சிக்கியதில்லை.

முந்தின நாள்வரை பைக்கில் ஆபீஸ் போன தணிகாசலம் அன்று சைக்கிளில் வந்தார். செவலை பாய்ந்தது. பாலத்து மேட்டில் சைக்கிள் திணற, கண்மூடித் திறப்பதற்குள் செவலை பக்கத்தில் போய்விட்டது. வாய்க்கெட்டும் தூரத்தில் அவருடைய கெண்டைக்கால். அண்ணாந்து முகத்தைப் பார்த்தது. மனுஷன் இறங்கித் தள்ளவும் இல்லை, வந்த வழியே திரும்பவும் இல்லை; வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி மிதித்துக்கொண்டே இருந்தார். செவலை தன் வாயை மூடிக்கொண்டு பாலத்து உச்சிவரை கூடவே ஓடியது.

திரும்பி வந்ததும் கூட்டாளி கருப்பன் கேட்டது: "ஆயுசுல ஒரே ஒரு வண்டி சிக்குச்சு. அதையும் விட்டுட்டு வந்துட்டியேடா?"

"வண்டின்னு நினைச்சுத்தான் துரத்தினேன்," என்றது செவலை. "கிட்டப் போய்ப் பார்த்தா, அந்தாளும் நம்மள மாதிரியே நாக்குத் தள்ள ஓடுறாருடா."

மறுநாள், மேட்டில் ஏறிக்கொண்டிருந்த சைக்கிளை ஒரு லாரி ஹாரன் அடித்தே விரட்டியது. செவலை பாய்ந்துபோய் இரண்டுக்கும் நடுவில் நின்று குரைத்தது, லாரியைப் பார்த்து.