பூமி சுற்றும் பக்கம்

"இவ ஒருத்தி! இந்த வகுப்புலயே இவ ஒருத்திதான் என் வீடியோவைப் பாத்திருக்கா!"

அறிவியல் டீச்சர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே கப்சிப் ஆனது. கூப்பிட்டால்கூட வாய் திறக்காத அந்த முதல் பெஞ்சுப் பெண், எழுந்து நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி ஒன்றும் மண்டையை உடைக்கிற கேள்வி இல்லை. பூமி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, அம்புக்குறி போடு. அவ்வளவுதான். அவளைத் தவிர மொத்த வகுப்பும், கிழக்கே போக வேண்டிய அம்பை டேப்லெட்டில் மேற்கே திருப்பிப் போட்டிருந்தது.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. 'பிள்ளைகள் வீட்டில் வீடியோ பார்த்துப் பாடம் படிப்பார்கள். வகுப்பு நேரம் கேள்வி கேட்பதற்கு' என்று வருடத் தொடக்கத்திலேயே தன் இலக்கை எழுதிக் கொடுத்தவள் அவள். தலைமையாசிரியர் உதட்டைப் பிதுக்க, சண்டை போட்டு வாங்கிய டேப்லெட்டுகள் இவை. விடுமுறை நாளில் வீட்டு வேலையை எல்லாம் போட்டுவிட்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் செல்ஃபி கேமராவில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்று, பந்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டித் தானே எடுத்த வீடியோ. எடுத்த கையோடு, ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல், எல்லோருக்கும் அனுப்பியும் விட்டாள்.

இன்றைக்கு இது தேறவில்லை என்றால் டேப்லெட்டுகள் திரும்பிப் போய்விடும். அதை முடிவு செய்யத்தான் தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தன் தப்பா போட்டதைப் பாத்து ஊரே போட்டிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"சத்தியமா வீடியோ பாத்தோம் டீச்சர்," என்றான் வகுப்புத் தலைவன். "நான் ரெண்டு தடவ பாத்தேன்."

"அப்படியா? அதுல நான் எந்தக் கையில வாட்ச் கட்டியிருந்தேன், சொல்லு பாப்போம்."

"வலது கையில டீச்சர்."

"ஆமா டீச்சர், வலது கைதான்," என்று நாலைந்து பேர் ஒத்து ஊதினார்கள்.

டீச்சர் இடது கையைத் தூக்கி வாட்சைக் காட்டினாள். "வாட்ச் கட்டத் தெரிஞ்ச நாள்லேருந்து இந்தக் கையிலதான்டா கட்டுறேன்! கூசாம புளுகுறீங்களே, எல்லாரும் சேந்து!"

"வீடியோவுல வலது கையிலதானே இருந்துச்சு..." என்று முணுமுணுத்தான் வகுப்புத் தலைவன்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னேனே டீச்சர்? இதுங்க கையில குடுத்தா கேம்தான் ஆடும்னு. கேட்டீங்களா?"

அந்தக் குத்தல் அவளை இன்னும் உசுப்பிவிட்டது. இத்தனை நாள் பட்ட பாட்டை இந்த வாலுகள் ஒரே நாளில் மண்ணாக்கிவிட்டார்களே என்று ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மத்தவங்க எல்லாம் டேப்லெட்டைக் கொண்டாந்து மேசையில வைங்க! உங்களுக்கு இனிமே அது கிடையாது!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். டீச்சர் முதல் பெஞ்சுப் பெண்ணின் தோளைப் பிடித்து அழைத்துப் போய்த் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தினாள்.

"இவளைப் பாருங்க சார். பாத்தவ சரியா போட்டிருக்கா. தப்பு என் வீடியோவுல இல்ல, இதுங்ககிட்ட! சாருக்குச் சொல்லும்மா, நீ எத்தன தடவ பாத்த?"

அந்தப் பெண் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"எனக்கு வீடியோ ஓடவே இல்ல டீச்சர். புத்தகத்தைப் படிச்சுதான் போட்டேன்."