மூன்றாம் மாடி இருமல்

"உங்க வீட்டுக்காரர் இருமுறார், எங்க பிரீமியம் ஏறுது! காலி பண்ணுங்க!" என்று மூன்றாம் மாடியே அதிரக் கத்தினாள் வசுமதி.

"அவரு இருமி மாசமாச்சுக்கா" என்று எதிர்வீட்டு அஞ்சலை அழுதாள். யார் கேட்டார்கள்? மாடிச் சுவரில் இன்சூரன்ஸ்காரன் வைத்த ஒட்டுக்கேட்கும் கருவியின் காதுக்கு ஒரு இருமல் கேட்டால் போதும். யாருடையதென்று பார்க்காமல் நாலு வீட்டுக்கும் ஏற்றிவிடும்.

அஞ்சலை குடும்பம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு செய்யாற்றுக்குப் போனது. அடுத்த மாதமும் பிரீமியம் ஏறியது.

அன்று காலையே வசுமதிக்கு, வாயைப் பொத்தியும் அடங்காமல், அடிநெஞ்சிலிருந்து இருமல் கிளம்பியது. "தாளிக்கிற நெடிப்பா!" என்று சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள். அடுப்பை அவள் இன்னும் பற்றவைக்கவே இல்லை. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் "காலி பண்ணுங்க!" என்று கதவைத் தட்டினார்கள்.

அஞ்சலை செய்யாற்றில் சௌக்கியமாம். வசுமதி எங்கே போனாளென்று துருவித் துருவி விசாரிக்கத்தான், நாலு வீடும் காலியாகிக் கிடக்கும் இந்த மாடியில் இப்போது ஆளில்லை.